அப்ரூவல் சாஃப்ட்வேர் வாங்கும் முன்: திருப்பூர் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

திருப்பூரில் நடுத்தர அளவுள்ள ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவைக் கவனித்து வருகிறேன். நூல் பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர், அதாவது கொள்முதல் ஆணை), சாயப்பட்டறை பில், அக்சஸரீஸ், கூரியர் என்று சம்பளம் தவிர்த்த எல்லாச் செலவுக்கும் இப்போது சாஃப்ட்வேர் வழியாகத்தான் ஒப்புதல் வாங்குகிறோம். கொரோனா காலத்துக்குப் பிறகு ஆரம்பித்தது, பல சீசன்கள் ஓடிவிட்டன. இதே போல ஒன்று தேடுகிற நண்பர்கள் "எதை வாங்கலாம்?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். கம்பெனிப் பெயரைவிட, எந்தெந்த வசதி தினசரி வேலைக்கு வந்தது, எது வரவில்லை என்று தெரிந்தால் அவர்களே முடிவு செய்துகொள்ளலாம். அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

முன்பு எங்கள் ஒப்புதல் முறை வாட்ஸ்அப்தான். பி.ஓ.வைப் படம் எடுத்து அனுப்புவோம், எம்.டி. ஒரு கட்டைவிரல் போட்டால் ஓகே. வேகத்தில் இதை எந்த சாஃப்ட்வேரும் மிஞ்சாது. ஆனால் ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் ஒரு பில்லைக் கேட்டால், அந்தக் கட்டைவிரல் எந்தப் படத்துக்குப் போட்டது என்று யாராலும் தேடி எடுக்க முடியாது. புதிதாக வாங்குவது ஏறக்குறைய வாட்ஸ்அப் வேகத்தில் ஓட வேண்டும், இல்லையென்றால் ஆட்கள் திரும்ப வாட்ஸ்அப்புக்கே போய்விடுவார்கள்.

வேகம் எங்களுக்கு ஏன் முக்கியம் என்றால், நூல். மில்கள் பெரும்பாலும் மாதத் தொடக்கத்தில்தான் விலை அறிவிப்பார்கள். கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினால், பத்து டன் வாங்குகிறவருக்கு 50,000 ரூபாய் கூடுதல். விலை ஏறப்போகிறது என்று பேச்சு அடிபடும் மாதக் கடைசியில், நூல் பி.ஓ. ஒருவரிடம் தேங்கி நின்றால் அந்த நஷ்டத்தை பயரிடம் (எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் வாடிக்கையாளரிடம்) கேட்க முடியாது. ஆர்டர் விலை பல வாரங்களுக்கு முன்பே பேசி முடித்ததாயிற்றே.

ஆகவே நான் முதலில் பார்க்கச் சொல்வது, ஒப்புதல் தர வேண்டியவர் இல்லாதபோது என்ன நடக்கும் என்பது. பொறுப்பை இன்னொருவருக்கு மாற்றும் வசதி எல்லா சாஃப்ட்வேரிலும் இருப்பதாகத்தான் சொல்வார்கள். அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று வரம்பு போட முடியுமா? பொறுப்பு ஏற்பவருக்குத் தனியாகத் தொகை வரம்பு வைக்க முடியுமா? "இவருக்காக இவர் ஒப்புதல் அளித்தார்" என்று பதிவில் இரண்டு பெயரும் தெரியுமா? எங்களிடம் ஆரம்பத்தில் இருந்த முறையில், விடுப்பில் போகிறவர் தானே உள்ளே போய்ப் பொறுப்பை மாற்ற வேண்டும். ஊருக்குப் போகிறவருக்கு அது சரி. திடீரென்று ஆஸ்பத்திரியில் படுத்தவர் என்ன செய்வார்? பாஸ்வேர்டைப் போனில் சொல்லிவிடுவார். அதோடு பதிவின் நம்பகத்தன்மை போயிற்று. நிர்வாகியே பொறுப்பை மாற்றலாம், மாற்றியதும் பதிவாகும் என்ற ஏற்பாடு வந்த பிறகுதான் பாஸ்வேர்டு கைமாறுவது நின்றது.

இதோடு சேர்த்து விற்கப்படுகிற இன்னொன்று எஸ்கலேஷன். குறிப்பிட்ட நேரத்துக்குள் பதில் வராவிட்டால் தானாகவே மேலே போய்விடும். டெமோவில் கேட்க நன்றாகத்தான் இருந்தது. நடைமுறையில், நடுவில் இருக்கும் மேனேஜர்கள் சும்மா இருந்தாலே பில் எம்.டி.யிடம் போய்விடும் என்று கண்டுகொண்டார்கள். சிக்கலான பில் ஒவ்வொன்றும் யாரும் பார்க்காமலே மேலே ஏறியது. கொஞ்ச நாளில் அதை நிறுத்தச் சொல்லிவிட்டோம். இப்போது இருப்பது நினைவூட்டலும், காலையில் எல்லாருக்கும் போகும் ஒரு பட்டியலும் மட்டும். எந்த பில் யாரிடம் எத்தனை நாளாக நிற்கிறது என்று அதில் பெயரோடு இருக்கும். வேலை நகர்வதற்கு அந்தப் பட்டியலே போதுமானதாக இருக்கிறது.

அடுத்தது மொபைல் திரை. வாங்கும்போது எல்லாரும் கம்ப்யூட்டர் திரையைத்தான் பார்க்கிறார்கள். ஒப்புதல் தருகிறவரோ பாதி நாள் காரிலும் ஃபேக்டரித் தளத்திலும் இருக்கிறார். பி.ஓ. எண், சப்ளையர் பெயர், தொகை, கீழே பச்சை பட்டன் என்று இவ்வளவுதான் மொபைலில் வருகிறதென்றால், அவர் எதைப் பார்த்து ஒப்புக்கொள்வார்? எங்கள் திரையில் சண்டை போட்டு மூன்று விஷயங்களைக் கொண்டுவந்தோம்: இதே பொருளை கடைசியாக வாங்கிய விலை, காஸ்டிங் ஷீட்டில் (ஆர்டருக்கான செலவு மதிப்பீட்டில்) போட்டிருந்த விலை, அந்த ஆர்டரில் இன்னும் மீதமிருக்கும் தொகை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஏற்றுமதிக்கான அட்டைப்பெட்டி பி.ஓ. ஒன்று வந்தது. பெட்டி 71 ரூபாய். பக்கத்திலேயே போன முறை விலை 58 என்று தெரிந்தது. எம்.டி. ஒப்புக்கொள்ளாமல் அதிலேயே "ஏன்?" என்று கேட்டார். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் தம்பி, "சார், இந்த பயருக்கு ஐந்து பிளை (அட்டை அடுக்கு) இல்லை, ஏழு பிளை கேட்டிருக்காங்க, மெயில் இணைத்திருக்கிறேன்" என்று பதில் போட்டார். சில நிமிடத்தில் ஒப்புதல் ஆனது. அடுத்த ஆண்டு ஆடிட்டில் அதே விலை வித்தியாசத்தைக் கேட்டபோது, கேள்வி, பதில், பயர் மெயில் மூன்றும் அந்த பி.ஓ.விலேயே இருந்தன. எங்கள் பக்கத்தில் யாரும் எதையும் நினைவுபடுத்திச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கேள்வி பதில் வசதி இருக்க வேண்டுமானால், 'நிராகரி' என்பதற்கும் 'திருத்தி அனுப்பு' என்பதற்கும் தனித்தனி வழி வேண்டும். சில சாஃப்ட்வேரில் ஒரு சிறு சந்தேகம் என்றாலும் நிராகரித்தே ஆக வேண்டும். மறுபடி புது எண்ணில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரண்டு முறை அப்படி நடந்தால், கீழே இருப்பவர்கள் போனிலேயே பேசி முடித்துவிட்டுக் கடைசியில் சடங்குக்காக ஏற்றுவார்கள்.

இப்போது நான் மிக முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். ஒப்புதல் ஆன பிறகு மாற்றம் வந்தால் என்ன ஆகும்? விற்க வருகிறவர்கள் காட்டும் படத்தில் ஒப்புதலோடு கதை முடிந்துவிடும். எங்கள் தொழிலில் அங்கேதான் ஆரம்பம். பயர் எண்ணிக்கையைக் கூட்டுவார், கலர் மாற்றுவார், நூல் பி.ஓ.வில் சில பேக் (மூட்டை) ஏறும். மாற்றம் எதுவானாலும் முதல் படியிலிருந்து மறுபடி ஒப்புதல் என்றால் வேலை நின்றுவிடும். எதற்குமே வேண்டாம் என்றால், சின்னத் தொகைக்கு ஒப்புதல் வாங்கிவிட்டுப் பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம் என்ற கதவு திறந்துவிடும். நாங்கள் வைத்திருக்கும் விதி இது: அளவு மூன்று சதவீதம் வரை கூடினால் ஒப்புதல் செல்லும், தகவல் மட்டும் போகும். விலை ஒரு ரூபாய் கூடினாலும் திரும்ப வர வேண்டும். சப்ளையர் மாறினால் புது பி.ஓ. பொருளுக்கு ஏற்றபடி இப்படி விதி வைக்க முடியுமா என்று கேட்டாலே பல சாஃப்ட்வேர்கள் கழன்றுகொள்ளும். பழைய பதிப்பும் புதிய பதிப்பும் அருகருகே தெரிய வேண்டும், மாறிய இடம் தனியாகத் தெரிய வேண்டும் என்பதையும் கேளுங்கள்.

தொகை வரம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 50,000 ரூபாய்க்கு மேல் போனால் எம்.டி. என்று விதி வைத்தால், 48,000க்கு இரண்டு பி.ஓ. வருவது எல்லா ஊரிலும் நடக்கிறதுதான். எப்போதும் அது திருட்டுத்தனம் என்று சொல்ல மாட்டேன். பல நேரம் அவசரம். ஆனாலும் ஒரே சப்ளையருக்கு, ஒரே ஆர்டருக்கு, அந்த மாதம் போன மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்த்து வரம்பை முடிவு செய்யும் வசதி இருந்தால் அந்த அவசரமும் வெளிச்சத்தில் நடக்கும்.

பில் பக்கத்துக்கு வந்தால், 2023 நிதிச் சட்டம் கொண்டு வந்த வருமான வரி 43பி(எச்) பிரிவு எங்கள் வேலையையே மாற்றியது. பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும். தாமதமானால், பணம் கொடுத்த ஆண்டில்தான் அந்தச் செலவைக் கழிக்க முடியும். நிட்டிங், காம்பாக்டிங், பிரிண்டிங், ஸ்டிச்சிங் என்று எங்களுக்கு ஜாப் ஒர்க் (கூலிக்கு வேலை) செய்பவர்களில் பெரும்பாலோர் இந்த வகைதான். மார்ச் மாதம் ஒரு பில் ஒப்புதலுக்காகக் கிடந்தால் அது நேராக வரிக் கணக்கில் வந்து நிற்கும். எங்கள் சாஃப்ட்வேர் நாள் எண்ணத் தொடங்கியது பில் பதிவு செய்த தேதியிலிருந்து. சட்டத்தின்படி பார்க்க வேண்டியது சரக்கு வந்து ஏற்றுக்கொண்ட நாள். இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம் சுலபமாகப் போய்விடும். எழுதிக் கேட்டு ஜி.ஆர்.என். (சரக்கு வரவுச் சீட்டு) தேதிக்கு மாற்றவைத்தோம். நீங்கள் வாங்குவதில் கெடு எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்பதை டெமோவிலேயே பார்த்துவிடுங்கள். வரியை விடுங்கள், நான்கு மெஷின் வைத்து வாரச் சம்பளம் போடும் ஒரு ஜாப் ஒர்க்காரருக்கு நம் ஒப்புதல் தாமதம் என்றால் சனிக்கிழமை சம்பளம் இல்லை என்று அர்த்தம். இதற்காகவே இந்த வசதியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சாயப்பட்டறை பில்லில் பி.ஓ., ஜி.ஆர்.என்., பில் மூன்றையும் சாஃப்ட்வேர் ஒப்பிடுவது பெரிய உதவி. துணி சாயமேறி வரும்போது எடை குறைவது இயல்பு. துணிக்கும் ஷேடுக்கும் ஏற்ப அது மாறும். அனுமதித்த அளவைத் தாண்டிய பில் மட்டும் நிறம் மாறி நிற்கும். மற்றவை தாமாக நகரும். ஒப்புதல் தருகிறவர் கவனம் தேவையான இடத்துக்குப் போகிறது.

பதிவு விஷயத்தில் சமரசம் வேண்டாம். கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு மாற்றமும் பதிவாக வேண்டும், அதை அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அப்ரூவல் சாஃப்ட்வேர் தனியாக இருந்தாலும் அதே தரத்தைக் கேளுங்கள். அப்புறம், அங்கே ஒப்புதலான பில் டேலி கணக்கு சாஃப்ட்வேருக்கு எப்படிப் போகிறது என்பதும் முக்கியம். எக்செல்லில் இறக்கி மறுபடி ஏற்றுகிற முறை என்றால், நடுவில் அந்த எக்செல்லை யார் வேண்டுமானாலும் தொடலாம்.

காசு கொடுத்து வாங்கியும் பயன்படாதவை: இழுத்து வைத்து ஒப்புதல் பாதை வரையும் திரை, வண்ண வண்ண டாஷ்போர்டு, உள்ளேயே ஒரு சாட். பாதையை ஆண்டுக்கு ஓரிரு முறைதான் மாற்றுகிறோம், அதை சாஃப்ட்வேர் கம்பெனி ஆளே வந்து செய்து கொடுத்துவிடுகிறார்.

லைசென்ஸை ஆள் கணக்கில் போடுகிறார்களா என்று பாருங்கள். அப்படியென்றால் ஸ்டோரில் இருக்கிற மூன்று பேரும் ஒரே லாகினில் இன்டென்ட் (பொருள் வேண்டும் என்ற கோரிக்கை) போடுவார்கள், யார் கேட்டது என்பதே தெரியாது. கோரிக்கை மட்டும் போடுகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை, ஒப்புதல் தருகிறவர்களுக்கு மட்டும் என்று சில இடங்களில் கிடைக்கிறது. நாங்கள் புதுப்பிக்கும்போது பேரம் பேசி அந்த முறைக்கு மாறினோம்.

கடைசியாக, வெளியேறும் வழி. கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும். அத்தனை ஆண்டு அதே சாஃப்ட்வேரில் இருப்போம் என்று யாரால் சொல்ல முடியும்? ஒவ்வொரு பி.ஓ.வும் அதன் ஒப்புதல் வரலாறு, இணைப்புகளோடு ஒரே பி.டி.எஃப். ஆக வருகிறதா, மொத்தமாக எடுக்க முடியுமா, சந்தா நின்ற பிறகு எவ்வளவு காலம் தருவார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். நாங்கள் ஒவ்வொரு காலாண்டும் இறக்கி எங்கள் சர்வரில் வைத்துக்கொள்கிறோம். டெமோவுக்கு வருகிறவரிடம் அவர் கொண்டுவரும் மாதிரி பில்லை ஓட்டச் சொல்லாதீர்கள். உங்கள் ஆபீஸில் போன மாதம் அதிக நாள் தேங்கிய பில்லை எடுத்துக் கொடுத்து, அதை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.