ஸ்லீப் ஸ்டடி செய்பவரே மெஷினும் விற்கிறாரா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

என் கணவருக்குக் குறட்டை பல வருஷமாக உண்டு. வெறும் குறட்டை என்றால் பரவாயில்லை, நடுவில் திடீரென்று சத்தம் நின்றுவிடும், நெஞ்சு மட்டும் இழுத்துக்கொண்டிருக்கும், அப்புறம் பெரிதாக ஒரு திணறலோடு மூச்சு வரும். பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகும். மாத்திரை போட்டும் பிபி இறங்கவில்லை. ஸ்லீப் ஏப்னியாவாக (தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்று நின்று வரும் நோய்) இருக்கலாம், ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூக்கத்தில் மூச்சைப் பதிவு செய்யும் சோதனை, செய்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். அதற்காக நாங்கள் போன தனியார் மையத்தில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

வீட்டுக்கே ஒரு பையன் வந்து விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு குழாய், நெஞ்சில் ஒரு பட்டை மாட்டிவிட்டுப் போனான். தூக்கத்தில் குழாய் நழுவினால் என்ன செய்வது என்று எதுவும் சொல்லவில்லை. மறுநாள் போனில் வந்தது டாக்டர் இல்லை, அதே மையத்தின் விற்பனை ஆள். "மேடம், சாருக்கு ஏ.ஹெச்.ஐ. 61. ரொம்ப சிவியர். இன்னைக்கே மெஷின் எடுத்துடுங்க, தூக்கத்துல எது வேணா ஆகலாம்." அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு யாருக்கு நிதானம் இருக்கும்? அன்று சாயங்காலமே சிபாப் மெஷின் (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைப்பது) வீட்டுக்கு வந்துவிட்டது.

ஏ.ஹெச்.ஐ. என்பது ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை பத்து விநாடிக்காவது மூச்சு நிற்கிறது அல்லது வெகுவாகக் குறைகிறது என்ற கணக்கு. 5க்குக் கீழே இருந்தால் இயல்பு, 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். எங்களுக்கு வந்தது ஒரே ஒரு பக்கம், அதில் அந்த 61 மட்டும் பெரிதாக. எவ்வளவு நேரப் பதிவு சரியாக இருந்தது, ஆக்சிஜன் எவ்வளவு இறங்கியது, எந்த டாக்டர் பார்த்தார், எதுவுமே இல்லை.

மெஷினில் அழுத்தத்தை 14 என்று நிலையாக வைத்துக் கொடுத்தார்கள். இந்த மெஷின்கள் பொதுவாக 4 முதல் 20 வரை போகும். யாருக்கு எவ்வளவு வேண்டும் என்பதை ஒரு இரவு லேபில் படிப்படியாக ஏற்றிப் பார்த்தோ, தானாக மாற்றிக்கொள்ளும் மெஷினைச் சில நாள் ஓடவிட்டோதான் முடிவு செய்ய வேண்டும். இவர்கள் இரண்டையும் செய்யவில்லை. மாஸ்க்கும் முகத்தை அளந்து கொடுத்ததில்லை, கையில் இருந்த பெரிய சைஸ். விளிம்பில் கசிந்த காற்று கண்ணில் அடித்துக் கண் சிவந்தது, வயிறு முழுக்கக் காற்று ஏறி விடிய விடிய உப்புசம். போன் செய்தால் "பழகிடும் மேடம்" என்பதற்கு மேல் பதில் இல்லை. மெஷினை வெறுத்து அவர் மூலையில் வைத்துவிட்டார், எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது, ஏனென்றால் நோய் உண்மை, அதை என் கண்ணால் தினமும் பார்க்கிறேன்.

அப்புறம் ஒரு தூக்க மருத்துவரிடம் போனோம். முதலில் அவர் கேட்டது முழுப் பதிவை. மையம் முதலில் தரவே மறுத்தது, எழுத்தில் கேட்டு விடாமல் நச்சரித்த பிறகுதான் அனுப்பியது. திரையில் அவர் காட்டினார்: நீண்ட நேரம் மூக்குக் காற்றின் கோடு தட்டையாகக் கிடக்கிறது, ஆனால் அதே நேரத்தில் ஆக்சிஜன் கோடு அசையவே இல்லை. அத்தனை நேரம் உண்மையில் மூச்சு நின்றிருந்தால் ஆக்சிஜன் இறங்கியே ஆக வேண்டும். குழாய் நழுவியிருக்கிறது, கம்ப்யூட்டர் அதையும் மூச்சு நின்றதாகவே எண்ணியிருக்கிறது, யாரும் உட்கார்ந்து சரிபார்க்கவில்லை. வீட்டுச் சோதனையே தப்பு என்று அவர் சொல்லவில்லை. பலருக்கு அது போதுமானதுதான், ஆனால் குறைந்தது நான்கு மணி நேரமாவது நல்ல பதிவு இருக்க வேண்டும், பயிற்சி பெற்ற டாக்டர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

லேபில் மூளை அலை, கண் அசைவு, இதயத் துடிப்பு எல்லாம் சேர்த்து முழு ஸ்டடி செய்தார்கள். ஏ.ஹெச்.ஐ. 22. மல்லாந்து படுக்கும்போதுதான் அதிகம். தேவைப்பட்ட அழுத்தம் 8. மூக்கடைப்புக்கும் மருந்து கொடுத்து, மூக்கை மட்டும் மூடும் சின்ன மாஸ்க்குக்கு மாற்றினார்கள். இப்போது இரவு முழுக்கப் போட்டுத் தூங்குகிறார்.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. மெஷினின் மெனுவில் மொத்தம் எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். "புதுசு" என்று விற்ற எங்கள் மெஷினில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் இருந்தது, என் கணவரோ அதுவரை அதைச் சில இரவுகள்கூட முழுதாகப் போட்டதில்லை. யாரோ பயன்படுத்தியது! டெலிவரிக்கு வந்த ஆள் வாசலில் நிற்கும்போதே அதைப் பார்த்துவிடுங்கள். சீரியல் நம்பரையும் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் உள்ளே இருக்கும் ஃபோம் சிதைவதால் லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற்றது, பழைய மெஷின் கைமாறி வரும்போது அப்படிப்பட்டதும் வரலாம்.

பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி அந்த மணி நேரக் கணக்கைப் படம் எடுத்து, இரண்டு ரிப்போர்ட்டையும் சேர்த்துப் புகார் கொடுத்திருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை.