இசை மென்பொருளில் வீடியோ திணறாமல் ஓட: மூன்று வருட அனுபவம்

குறும்படங்களுக்குப் பின்னணி இசை அமைக்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. முதல் ஆறு மாதம் இசையை விட வீடியோவோடுதான் அதிகம் மல்லுக்கட்டினேன். டிராக்குகள் கூடக்கூடப் படம் திணறும். கர்சரைப் பின்னால் இழுத்தால் ஒரு நொடி அப்படியே உறைந்து நிற்கும். கம்ப்யூட்டருக்கு வயசாகிவிட்டது என்று ரேமை இரண்டு மடங்காக்கினேன். ஒரு மாற்றமும் இல்லை.

கோளாறு கோப்பில் இருந்தது. எடிட்டர்கள் அனுப்பும் எம்பி4 வீடியோ பெரும்பாலும் ஹெச்.264 என்ற முறையில் சுருக்கியது. அதில் எப்போதாவது ஒன்றுதான் முழுப்படம், அதாவது கீஃபிரேம். நடுவில் வருபவை மாற்றங்களை மட்டும் சுமக்கும். உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கு இது போதும். நாமோ ஒரே கதவு சாத்தப்படும் இடத்துக்கு நாற்பது தடவை திரும்பிப் போகிற ஆட்கள். ஒவ்வொரு தடவையும் மென்பொருள் முந்தைய கீஃபிரேமைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும். ஒலிக்கு அறையின் முழக்கம் சேர்க்கும் ரிவர்பும், பதிவு செய்த வாத்திய ஒலிகளை வாசிக்கும் சாம்பிளரும் போட்டி போடுவதும் அதே சிபியூவுக்குத்தான்.

அதனால் இப்போது வீடியோ கைக்கு வந்ததும் இலவசமாகக் கிடைக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் அதை புரோரெஸ் ப்ராக்ஸி என்ற எடிட்டிங் வடிவத்துக்கு மாற்றிவிடுகிறேன். இதில் ஒவ்வொரு ஃபிரேமும் தனியாக நிற்கும், எங்கே தாவினாலும் உடனே வரும். கோப்பு பெருக்கும் என்பது உண்மை. 1080பி, நொடிக்கு 25 ஃபிரேம் வேகத்தில் பத்து நிமிடப் படம் ஏறத்தாழ 3 ஜிபி வரும். இடம் இல்லையென்றால் 720பிக்குக் குறைத்து, ஹெச்.264லேயே எல்லா ஃபிரேமையும் கீஃபிரேமாக்கலாம். உதட்டசைவு தெரிந்தால் நமக்குப் போதுமே! வசன ஒலியை 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகத் தனியே பிரித்து வைத்துவிடுவேன்.

திணறல் போனபின் சிக்கியது ஃபிரேம் வேகம். 23.976ல் இருந்த படத்துக்கு ப்ராஜெக்டை 24 என்று வைத்துவிட்டேன். வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் பத்தாவது நிமிடத்தில் இசையின் அடி விழ வேண்டும் என்று இயக்குநர் எழுதிய டைம்கோட் (மணி, நிமிடம், நொடி, ஃபிரேம் எண்) என் திரையில் 0.6 நொடி தள்ளிக் காட்டியது. அதிலிருந்து டைம்கோடைப் படத்தின் மேலேயே பதித்து அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குகிறேன்.

இன்னொரு சிக்கல் டிவியால். பெரிய திரையில் பார்க்கலாமே என்று இரண்டாவது மானிட்டராக டிவியை மாட்டினேன். அது படத்தை இரண்டு ஃபிரேம் தாமதமாகக் காட்டியிருக்கிறது. அதைப் பார்த்தே நான் இசை அடிகளை வைத்ததால், மிக்ஸில் எல்லாமே 80 மில்லிநொடி பின்தங்கிவிட்டது. "அடி விழுந்த பிறகு சத்தம் வருதே" என்றார் இயக்குநர். டிவியில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடைப் போட்டதும் பாதி சரியானது, மீதியை இசை மென்பொருளில் படத்தை முன்பின் நகர்த்தும் வீடியோ ஆஃப்செட்டில் ஈடுகட்டினேன். படம் தொடங்க இரண்டு நொடிக்கு முன் ஒரே ஒரு ஃபிரேமுக்கு வெள்ளைத் திரையும் பீப்பும் வரும் பகுதியைச் சுழலவிட்டு, கண்ணும் காதும் ஒத்துப்போகும்வரை அந்த எண்ணை மாற்றிப் பாருங்கள்.

பெரிய சாம்பிள் லைப்ரரிகளை ஏற்றினால் வீடியோ இன்னும் அவ்வப்போது ஃபிரேம் விடத்தான் செய்கிறது. அப்போது முடிந்த டிராக்குகளை ஃப்ரீஸ் செய்துவிடுவேன், அதாவது தற்காலிக ஒலிக் கோப்பாக்கிவிடுவேன்; சிபியூவுக்கு மூச்சுவிட நேரம் தரும் ஒலி பஃபரை 1024 சாம்பிளுக்கு ஏற்றிவிடுவேன். அப்புறம், 'ஃபைனல் 3' என்று எடிட்டரிடமிருந்து புதுக் கோப்பு வந்து நிற்கும். மறுபடியும் மாற்றுவதுதான், வேறென்ன!