நூக்சியோ: நீலக் குறி வழியே அம்மாவோடு நாலு கிலோமீட்டர்

ஃபின்லாந்தின் எஸ்போ நகரில் ஆறு வருஷமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் நூக்சியோ தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போவது என் வழக்கம். போன ஆகஸ்ட் கடைசியில் போனது எட்டாவது தடவையோ ஒன்பதாவதோ. ஆனால் தினமும் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கும் 63 வயது அம்மாவோடு போனபோதுதான், இந்தப் பாதைகளைப் பற்றி நண்பர்களிடம் நான் அளந்துகொண்டிருந்ததில் பாதி தப்பு என்று புரிந்தது. "நாலு கிலோமீட்டர்தானே, சும்மா நடந்துடலாம்" என்பேன். அந்தச் 'சும்மா'வை இனிமேல் சொல்ல மாட்டேன்.

ஹௌக்கலம்பி என்ற குளத்தின் கரையிலிருந்து மூன்று சுற்றுப் பாதைகள் கிளம்புகின்றன. சிவப்புக் குறி 2 கிலோமீட்டர், நீலம் 4, மஞ்சள் 7-க்குக் கொஞ்சம் மேல். மூன்றுக்கும் பறவைகளின் பெயர்: செம்மார்புக் குருவி, வல்லூறு, அண்டங்காக்கை. குறிகள் விஷயத்தில் குறையே சொல்ல முடியாது. ஒன்றைத் தாண்டியதும் அடுத்தது கண்ணில் படும், போனை எடுக்கவே வேண்டாம். ஆனால் தூரத்தைச் சொல்லும் பலகை தரையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நீலப் பாதையில் பெரும்பகுதி வேர்தான். ஊசியிலை மர வேர்கள் நரம்பு புடைத்த கை மாதிரி மண்ணுக்கு மேலே ஓடுகின்றன. அப்புறம் பனியுகப் பனிப்பாறைகள் தேய்த்து வழவழப்பாக்கிய பாறைகள். மழை பெய்த மறுநாள் அதில் கால் வைத்தால் சோப்புக் கட்டிமேல் நிற்பது போலத்தான். 'தண்ணீர் புகாது' என்று ஒரு கடையில் சத்தியம் செய்து விற்ற என் காலணி, முதல் அரை மணி நேரத்திலேயே சளக் சளக் என்றது. அம்மா சாதாரண ஓட்டக் காலணியில், இரண்டு கையிலும் ஊன்றுகோலோடு, என்னைவிடப் பத்திரமாக நடந்தார்.

சதுப்புப் பகுதிக்காகவே இந்தப் பாதைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். இரண்டு பலகைகளைச் சேர்த்துப் போட்டிருப்பார்கள், அதன் மேலேதான் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஸ்பேக்னம் பாசி, பச்சையும் செம்பழுப்புமாக. தன் எடையைப் போல இருபது மடங்கு வரை தண்ணீரைப் பிடித்து வைக்கக்கூடிய பாசி அது. முழுசாக மட்கிப்போகாமல் அடுக்கடுக்காகப் படிந்து 'பீட்' என்னும் சதுப்புக் கரியாகிறது, வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அம்மாவிடம் சொன்னேன்: "நீ நிக்கிற இடத்துல ஒரு மீட்டர் தோண்டினா, ராஜராஜ சோழன் காலத்துக்குப் போயிடலாம்." கோலைக் கொஞ்சம் உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப பலகைய விட்டு எறங்காத" என்றார்.

வழியில் வரும் முஸ்தலம்பி என்ற பெயருக்குக் கருங்குளம் என்று அர்த்தம். பெயருக்கேற்ப தண்ணீர் கடுங்காப்பி நிறம். அழுக்கில்லை, அந்தச் சதுப்புக் கரியிலிருந்து ஊறி வரும் சாயம். கையில் அள்ளினால் தேநீர் மாதிரி தெளிவாக இருக்கும். கரையோரம் பாசித் திட்டுகள் தெப்பம் போல மிதக்கின்றன. பூங்காவில் நான் அதிக நேரம் உட்காரும் இடம் இதுதான். ஃபின்லாந்தின் சதுப்புகளில் ஏறக்குறைய பாதியை மரம் வளர்ப்பதற்காக வாய்க்கால் வெட்டி வடித்துவிட்டார்கள் என்பது தெரிந்தபின், இந்தச் சின்னக் குளத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

அடுப்பு இடங்களில் விறகு இலவசம், பிளந்துகொள்வது நம் பாடு. நான் கோடரியோடு போராடியதை அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "டேய், அடியில சுள்ளி வைடா, இப்படி ஈரக்கட்டைய அடுக்கினா புகைதான் வரும்." ரெண்டு நிமிஷத்தில் தீ பிடித்தது. பக்கத்துக் குடும்பம் மக்கரா என்னும் தொத்திறைச்சியைக் கம்பியில் குத்தி வாட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் புளிச்சோறும், அந்தத் தீயிலேயே சுட்ட அப்பளமும். அவர்கள் வீட்டுச் சிறுவனுக்கு ஒன்று கொடுத்தோம், பயந்து பயந்து கடித்துவிட்டு இன்னொன்று கேட்டான். ஆனால் ஒன்று, காட்டுத்தீ எச்சரிக்கை இருக்கும் நாட்களில் இந்தத் திறந்த அடுப்பு மூட்டக்கூடாது. கோடையில் போனால் அன்றைய எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், இல்லையென்றால் ஆறிய சோறுதான்.

குறைகளும் உண்டு. சனி, ஞாயிறு ஹௌக்கலம்பி பக்கம் திருவிழாக் கூட்டம், காலையிலேயே கார் நிறுத்த இடம் இருக்காது. நாங்கள் போனது செவ்வாய், வழியில் மொத்தம் பத்துப் பேரைப் பார்த்திருப்போம். கழிப்பறை தண்ணீர் இல்லாத வகை, கை கழுவவும் ஏற்பாடு கிடையாது. ஒரு பாட்டில் தண்ணீர் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். குப்பைத் தொட்டியும் இல்லை, கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அம்மாவுக்குப் பிடித்த விதி அதுதான். உண்ணி கடிக்கும், காலுறையைக் கால்சட்டைக்கு மேலே இழுத்துவிட்டு நடங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் மான் ஈ வேறு. உடம்பில் உட்கார்ந்ததும் இறக்கையை உதிர்த்துவிட்டுத் தலைமுடிக்குள் புகுந்துகொள்ளும்.

நுழைவுக் கட்டணம் கிடையாது. காட்டு நீலப்பழமும் காளானும் பறிக்கலாம், அதற்கு யாரும் எதுவும் கேட்பதில்லை. காளான் தெரியாதவர்கள் பழத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பூங்காவின் சின்னம் பறக்கும் அணில். இத்தனை தடவை போயும் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை, அது ராத்திரிக்காரன்.

முழங்கால் தொந்தரவு உள்ளவர்களைச் சிவப்புப் பாதைக்குக் கூட்டிப்போங்கள், நீலம் வேண்டாம். எங்களுக்கு நீலத்துக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. கார் இல்லாதவர்கள் எஸ்போ ரயில் நிலையத்திலிருந்து 245-ஆம் எண் பேருந்தில் வந்து ஹௌக்கலம்மென்தியே நிறுத்தத்தில் இறங்கலாம். அங்கிருந்து குளத்துக்கு மண் சாலையில் இரண்டு கிலோமீட்டர் போல நடை, திரும்பவும் அதே நடை. பலகையில் போட்ட 4 கிலோமீட்டரில் இது சேராது. திரும்பும்போது அந்தச் சாலையில்தான் அம்மா கேட்டார்: "நாலுன்னு சொன்னியே, எந்த ஊர் நாலுடா இது?"