முழங்கால் பயிற்சிக்கு எலாஸ்டிக் பட்டையா, வெயிட் கஃபா?

மூட்டுத் தேய்மானமோ, மூட்டு மாற்று அறுவையோ, தொடைத் தசைக்கு வலு ஏற்றலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதும் எழும் கேள்வி இது. பட்டை இலேசானது, சுருட்டி வைக்கலாம். கஃப், அதாவது கணுக்காலில் சுற்றிக் கட்டும் எடை, கனம், இடத்தை அடைக்கும். அதெல்லாம் தெரிந்ததுதான். கூட இருந்து செய்ய வைப்பவர் வீட்டு ஆள் என்றால் கஃபையே எடுங்கள்.

காரணம், பளுவின் கணக்கு. அரை கிலோ கஃப் திங்களன்றும் அரை கிலோ, வெள்ளியன்றும் அரை கிலோ. பட்டையின் இழுவையோ அதை எவ்வளவு நீட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. 30 செ.மீ. துண்டை 45க்கு இழுப்பது ஒரு பளு, 60க்கு இழுப்பது வேறு பளு. நாற்காலி நான்கு விரற்கடை நகர்ந்தாலும், முடிச்சு இடம் மாறினாலும் நேற்றைய கணக்கு இன்றைக்கு உதவாது. பட்டையின் இழுவையைக் குறிக்கும் நிறத்தையும் நம்ப முடியாது. ஒரு கம்பெனியின் பச்சை இன்னொன்றின் பச்சை அல்ல. மறுநாள் காலை முழங்கால் வீங்கியிருந்தால் எதைக் குறைப்பது? கஃப் என்றால் நோட்டில் "அரை கிலோ, 10 தடவை, 3 சுற்று" என்று இருக்கும். சுற்றைக் குறைக்கலாம், கஃபையே கழற்றலாம்.

நாற்காலியில் முதுகு சாய்த்து உட்காரவைத்து, தொடைக்கடியில் சுருட்டிய துண்டு ஒன்றை வையுங்கள். கஃப் சாக்ஸின் மேல், கணுக்கால் மொழிக்குச் சற்று மேலே, ஒரு விரல் நுழையும் இறுக்கத்தில். காலை நீட்டி, 5 எண்ணும்வரை நிறுத்தி, நீட்டியதைவிட மெதுவாக இறக்க வேண்டும். கால் கிடைமட்டமாக வரும்போதுதான் கஃப் அதிகம் கனக்கும். அந்தக் கடைசி இரண்டு அங்குலம் நிமிராமல் கால் நடுங்கினாலோ, உடம்பு பின்னால் சரிந்தாலோ பளு கூடுதல் என்று அர்த்தம். வெறுங்காலையே முழுசாக நீட்ட முடியாதவருக்குக் கஃப் இப்போது வேண்டாம். 3 சுற்றும் வலி கூடாமல், மறுநாள் வீக்கமில்லாமல் சில நாள் போனால் அடுத்த அரை கிலோ.

பட்டைக்குப் பராமரிப்பும் உண்டு. லேடெக்ஸ் வெயிலிலும் சூட்டிலும் காய்ந்து வெடிக்கும். மோதிரமோ நகமோ பட்டுச் சின்னக் கீறல் விழுந்தாலும், இழுக்கும்போது பட்டை அறுந்து முகத்தில் அடிக்கும். ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் நீட்டிப் பாருங்கள், முடிச்சருகே முக்கியமாக. லேடெக்ஸ் ஒவ்வாதவர் லேடெக்ஸ் இல்லாத பட்டை கேட்டு வாங்க வேண்டும். கஃபில் பார்க்க வேண்டியது வெல்க்ரோவின் பிடியும் தையலும்தான்.

தோளுக்கு வந்தால் பட்டைதான். முழங்கையை விலாவோடு ஒட்டிக் கையை வெளிப்பக்கம் திருப்பும் பயிற்சியில், நின்றோ உட்கார்ந்தோ செய்பவருக்கு எடை கீழ்நோக்கி மட்டுமே இழுக்கும், திருப்பும் தசைக்கு வேலை வராது. அப்போது நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டி, முடிச்சை மாற்றாமல் வைத்தால் பளு ஓரளவு நிலைக்கும்.

நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவருக்குக் கஃபைக் கழற்றியதும் தோலைப் பாருங்கள், சிவந்த தடம் மறையாவிட்டால் அங்கே மறுபடி கட்டக்கூடாது. முழங்கால் லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) அறுவை செய்தவர் சர்ஜனைக் கேட்காமல் இந்தக் கால் நீட்டும் பயிற்சியில் எடை ஏற்றக்கூடாது. பக்கவாதத்தால் கால் விறைத்தவருக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது, அது பிசியோ நேரில் பார்த்துச் சொல்ல வேண்டியது. அறுவைக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி வலித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் போங்கள்.