லாஜிக் ப்ரோவின் அட்மாஸ்: ஸ்டீரியோவில் ஊறியவர்களுக்கு

இத்தனை நாள் ஸ்டீரியோவில் மட்டும் மிக்ஸ் செய்துவிட்டு, "அட்மாஸ் மிக்ஸும் வேணும்" (அதாவது சுற்றிலும் தலைக்கு மேலும் ஒலி வரும் டால்பியின் சரவுண்ட் முறை) என்று திடீரென யாராவது கேட்டால் எங்கே தொடங்குவது என்று முழிப்பவர்களுக்கு நான் கைகாட்டுவது ஆப்பிளின் இசை மென்பொருளான லாஜிக் ப்ரோவைத்தான். 2021 அக்டோபரில் வந்த 10.7 பதிப்பிலிருந்து டால்பி அட்மாஸ் ரெண்டரர் (மிக்ஸைக் கேட்கும் ஸ்பீக்கர், ஹெட்ஃபோனுக்கு ஏற்ப மாற்றும் கருவி) அதற்குள்ளேயே இருக்கிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். மேக் இல்லாதவர்களுக்கு மட்டும் இது உதவாது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, சரவுண்ட் எப்படி வேலை செய்கிறது என்பது பயன்படுத்தும்போதே புரிந்துவிடுவதுதான். ஒரு ட்ராக்கை பெட்டுக்கு அனுப்பலாம், இல்லை ஆப்ஜெக்ட் ஆக்கலாம். பெட் என்பது 7.1.2, அதாவது சுற்றிலும் 7, தாழ் ஒலிக்கு 1, தலைக்கு மேல் 2 என மொத்தம் 10 சேனல், எந்தச் சேனலில் எவ்வளவு ஒலி என்பது மிக்ஸிலேயே முடிவாகிவிடும். ஆப்ஜெக்ட்டில் ஒலியோடு அது நிற்கும் இடமும் தகவலாகப் பதிவாகிறது, கேட்பவர் வீட்டில் 5 ஸ்பீக்கரோ 11 ஸ்பீக்கரோ வெறும் ஹெட்ஃபோனோ, அதற்கேற்ப ரெண்டரர் அங்கேயே கணக்குப் போட்டுக்கொள்ளும். பெட்டுக்குப் போக 118 ஆப்ஜெக்ட் வரை வைக்கலாம், ஒரு பாட்டுக்கு இது தாராளம்.

அதற்காக எல்லாவற்றையும் ஆப்ஜெக்ட் ஆக்கிவிடாதீர்கள். மாஸ்டரில் போடும் கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) பெட்டை மட்டும்தான் தொடும், ஆப்ஜெக்ட்டுகள் அதில் சிக்காமல் நேராக ரெண்டரருக்குப் போய்விடும். ஸ்டீரியோவில் பாட்டை இறுக்கிப் பிடித்திருந்தது அந்தக் கம்ப்ரஸர்தான் என்றால், இங்கே ட்ரம்ஸ் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று மிக்ஸ் உதிர்ந்து கேட்கும். அந்த இறுக்கத்தை ட்ராக்கிலும் குரூப்பிலும் முன்னாடியே கொண்டுவர வேண்டும். நான் கிக், பேஸ், ட்ரம்ஸ் எல்லாம் பெட்டில் முன்பக்கமாக வைத்துவிட்டு, கோரஸ், சிந்த் பேட், டிலே, ஒன்றிரண்டு பெர்கஷன் இவற்றை மட்டும் ஆப்ஜெக்ட்டாகப் பின்னாலும் மேலேயும் கொண்டுபோகிறேன்.

7.1.2-வில் நடுவில் உள்ள அந்த 1, எல்எஃப்இ சேனல். அதை சப்வூஃபர் என்று நினைத்து பேஸ் முழுவதையும் அங்கே தள்ளுபவர்கள் நிறையப் பேர். அது கூடுதல் அதிர்வுக்கான தனிச் சேனல், சுமார் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும். ஸ்டீரியோவாகச் சுருக்கும்போது வழக்கமாக அதை விட்டுவிடுவார்கள், அப்போது பாட்டில் பேஸே இருக்காது. சிறிய ஸ்பீக்கர்களால் முடியாத கீழ் ஒலியை சப்வூஃபருக்குத் திருப்புவது கேட்கும் இடத்தில் இருக்கும் பேஸ் மேனேஜ்மென்ட்டின் வேலை, மிக்ஸ் செய்பவர் அதில் கைவைக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஹெட்ஃபோன். ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டும் பெட் சேனலும் எவ்வளவு தள்ளிக் கேட்க வேண்டும் என்று ஆஃப், நியர், மிட், ஃபார் என நாலு பைனாரல் (இரண்டு காதுக்கான சரவுண்ட்) அமைப்பு உண்டு, டைடல் என்ற பாட்டுத் தளம் இதை மதிக்கிறது. ஆப்பிள் மியூசிக் மதிப்பதில்லை, அது தன் சொந்த முறையில்தான் ஹெட்ஃபோனுக்கு மாற்றுகிறது. ஒரே மிக்ஸ் இரண்டு இடத்தில் இரண்டு விதமாகக் கேட்க இதுதான் காரணம். லாஜிக்கில் டால்பி ரெண்டரர், ஆப்பிள் ரெண்டரர் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கலாம், எனக்கு இந்த ஒரு வசதிக்காகவே இது போதும். முக்கியமாக முன்னணிக் குரலையும் ரிவர்பையும் இரண்டிலும் கேளுங்கள்.

பாட்டின் சராசரி சத்த அளவு மைனஸ் 18 எல்யுஎஃப்எஸ் (அதை அளக்கும் அலகு), ட்ரூ பீக், அதாவது ஒலியின் உச்சம், மைனஸ் 1 டெசிபல், இதைத் தாண்டக் கூடாது. ஸ்டீரியோவில் மைனஸ் 9 எல்யுஎஃப்எஸ்ஸில் பழகிய காதுக்கு முதலில் சப்பென்று இருக்கும், ஆனால் ட்ரம்ஸின் அடி உயிரோடு வரும். ப்ராஜெக்ட்டை 48 கிலோஹெர்ட்ஸில் தொடங்கிவிடுங்கள், 44.1ல் அட்மாஸ் ஓடாது. முடித்ததும் ADM BWF கோப்பாக (ஒலியும் ஆப்ஜெக்ட்டுகளின் இடத் தகவலும் சேர்ந்தது) எக்ஸ்போர்ட் செய்தால், பாட்டைத் தளங்களில் சேர்க்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அனுப்பலாம்.

ஹெட்ஃபோனிலேயே முக்கால்வாசி வேலை முடியும். மேலே, பின்னால் வைத்தவற்றின் அளவை மட்டும் அதை நம்பி முடிவு செய்ய மாட்டேன். 7.1.4 அறை (மேலே 4 ஸ்பீக்கர்) உள்ள ஸ்டுடியோவை ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்துக் கேட்டுவிட்டு அனுப்புங்கள், அந்தக் காசு வீண் போகாது.