ஹேர்மிஸ் கப்பலுக்கு மேல் மலர்வளையம்: மட்டக்களப்புப் படகுச் சேவை எப்படி?

மட்டக்களப்புக் கரையிலிருந்து ஏறக்குறைய ஐந்து கடல் மைல் தள்ளி, 53 மீட்டர் ஆழத்தில், பிரித்தானியக் கடற்படையின் எச்.எம்.எஸ். ஹேர்மிஸ் கிடக்கிறது. விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதற் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் அதை மூழ்கடித்தன. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் அதோடு போனார்கள். அவர்களில் பிரித்தானியரோடு தென்னாப்பிரிக்கக் கடற்படையினரும் இருந்தார்கள்.

அந்த இடத்துக்குப் போய் மலர்வளையம் விட்டு வர வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் இரண்டு வகை. ஒன்று, இறந்த மாலுமிகளின் பேரப்பிள்ளைகளும் உறவினரும். மற்றது, கீழே இறங்கிக் கப்பலைப் பார்க்க நினைக்கும் சுழியோடிகள். மட்டக்களப்பு, பாசிக்குடாப் பக்கத்துச் சுழியோடி நிலையங்களும் மீனவர்களின் பைபர் போட்டுகளும் இந்த இரு தரப்பையும் ஏற்றிப் போகின்றன. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மேற்பரப்பில் நடக்கும் அஞ்சலிக்கு, கேட்க வேண்டியதைக் கேட்டுப் படகு பிடித்தால், இது நம்பிப் போகக்கூடிய சேவை. கீழே இறங்கி வளையம் வைக்கும் சேவை மிகச் சிலருக்கு மட்டுமே உரியது. அதை எல்லோருக்கும் விற்பது தவறு.

காலத்தை முதலில் பாருங்கள். வாடைக் காற்று அடிக்கும் நவம்பர் முதல் பெப்ரவரி வரை இந்தக் கடலில் சிறு படகில் போவதை நினைக்கவே வேண்டாம். அந்த மாதங்களில் முற்பணம் கேட்கிற இடத்தை விட்டுவிடுங்கள். ஏப்ரலில் கடல் அநேகமாக அடங்கியிருக்கும், நினைவு நாளும் ஏப்ரலில்தான் வருகிறது. ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரை கச்சான் காற்றுக் காலத்திலும் காலையில் போய் வரலாம். பகல் ஏற ஏறக் காற்று மாறி அலை குத்தத் தொடங்கும். அதனால் ஆறரை, ஏழு மணிக்குள் கரையை விட வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் கிளம்பலாம் என்று சொல்கிறவர் உங்கள் வசதியைப் பார்க்கிறார், கடலைப் பார்க்கவில்லை. ஏப்ரல் 9 இன்னொரு வகையிலும் இறுக்கமான நாள். சித்திரைப் புத்தாண்டு நெருங்கிவிடும், நாள் தள்ளிப்போனால் படகோட்டிகளைப் பிடிப்பது கஷ்டம். காற்றுச் சரியில்லாமல் 9ஆம் திகதி போக முடியாவிட்டால் 10, 11 ஆகிய நாட்களையும் அதே படகில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

குண்டுவீச்சு காலை 10.35 அளவில் தொடங்கியதாகவும், இருபது நிமிடத்தில் கப்பல் மூழ்கியதாகவும் பதிவுகள் சொல்கின்றன. அதே நேரத்தில் வளையம் விட வேண்டும் என்று குடும்பங்கள் விரும்புவது இயல்பு. ஏப்ரலில் இது முடியும். ஆனால் வழக்கம்போல் ஏழு மணிக்குக் கிளம்பி, பத்தரை வரை அலையில் ஆடிக்கொண்டு காத்திருப்பது வயதானவர்களை வாட்டிவிடும். அப்படியானால் அன்று மட்டும் ஒன்பதரை மணிக்குக் கரையை விட்டு, வளையத்தை விட்டவுடன் திரும்ப வேண்டும். கடல் அதற்கு இடம் கொடுக்குமா என்பதைப் படகோட்டிதான் அன்று காலை தீர்மானிக்க வேண்டும்.

எங்கே படகு ஏறுவது என்ற கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை, கரைக்கு வந்த பிறகுதான் திகைக்கிறார்கள். பாலமீன்மடு முகத்துவாரம் திறந்திருந்தால் வாவிக்குள் இருந்து அமைதியாக ஏறி வெளியே போகலாம். வறண்ட மாதங்களில் மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைபடுவது உண்டு. அப்போது கல்லடி போன்ற திறந்த கரையில் இருந்து அலைக்குள் தள்ளித்தான் படகை இறக்க வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் நடந்து, அலை வடியும் இடைவெளியில் ஏற வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவருக்கு இது ஆகாத காரியம். நல்ல நிலையங்கள் இதை முன்னரே சொல்கின்றன. ஏறும்போது கைதாங்கலுக்கு இரண்டு பேரைத் தண்ணீரில் நிறுத்துகின்றன, வளையத்தை வாளியில் வைத்துக் கடைசியாக ஏற்றுகின்றன. 18, 19 அடி பைபர் போட்டில் ஓட்டியையும் உதவியாளையும் சேர்த்து ஆறு பேருக்கு மேல் வேண்டாம். எல்லோருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட், இரண்டாவது எஞ்சின் அல்லது கூடப் போகும் இன்னொரு படகு, கரையில் நீங்கள் திரும்பும் நேரம் தெரிந்த ஓர் ஆள். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் ஏறாதீர்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கப்பலுக்கு மேலே மிதவை எதுவும் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சுற்றிலும் ஒரே நீலம். "இதுதான் இடம்" என்று ஓட்டி எங்கே எஞ்சினை அடக்கினாலும் நம்பத்தான் வேண்டியிருக்கும். ஆகவே ஜி.பி.எஸ். மட்டும் போதாது, ஆழம் காட்டும் சவுண்டர் உள்ள படகையே பிடியுங்கள். திரையில் அடிப்பரப்பு 53 மீட்டரில் சமமாக ஓடிக்கொண்டிருக்கும். கப்பல் மேல் வரும்போது கோடு சட்டென்று பத்து மீட்டர் அளவுக்கு மேலே எழும். மீன் கூட்டத்தின் புள்ளிகளும் அதையொட்டி அடர்த்தியாகத் தெரியும். அந்த எழுச்சியைக் குடும்பத்தாருக்குக் காட்டிவிட்டுத் தொடங்குகிற ஓட்டியே நல்ல ஓட்டி. கீழே இருப்பது உண்மையாகவே அவர்களுடைய ஆளின் கப்பல் என்று அந்தக் கோடு சொல்வதுபோல் வேறு எதுவும் சொல்லாது. சவுண்டர் இல்லாத மீனவர் படகுகளும் கரை அடையாளங்களை வைத்து நெருங்கிப் போகும். வலை போட அது போதும், அஞ்சலிக்குப் போதாது.

நங்கூரம் போடக்கூடாது. அது ஒரு புதைகுழி, அதன் மேல் இரும்பை இழுப்பது மரியாதை அல்ல. அது ஒருபுறம் இருக்க, கப்பலில் சிக்கிக் கிடக்கும் பழைய வலைகளில் நங்கூரம் மாட்டினால் கயிற்றை வெட்டத்தான் வேண்டியிருக்கும். எஞ்சினை ஓட விட்டு, கியர் போடாமல் மிதக்க விட வேண்டும். இங்கேதான் கணக்கு வேண்டும். நீரோட்டம் ஒரு நொட், அதாவது மணிக்கு ஒரு கடல் மைல் என்றால் படகு நிமிடத்துக்கு 30 மீட்டர் நகரும். கப்பலின் நீளம் ஏறக்குறைய 183 மீட்டர். நீள வாட்டத்தில் போனாலும் ஆறு நிமிடத்தில் அதைத் தாண்டிவிடுவீர்கள், குறுக்காகப் போனால் ஒரு நிமிடம் கூட இல்லை. எனவே நீரோட்டம் வரும் பக்கமாகச் சற்று மேலே போய், அங்கிருந்து மிதந்து வரும்போது மௌனத்தைத் தொடங்கி, சவுண்டர் கோடு எழும்போது வளையத்தை விட வேண்டும். காற்றில் படகு எந்தப் பக்கத்தை விட்டு விலகுகிறதோ அந்தப் பக்கம் நின்று வளையத்தை விடுங்கள். எதிர்ப்பக்கம் நின்றால் வளையம் படகோடு ஒட்டி உரசிக்கொண்டு புரொப்பெல்லர் பக்கம் போய்விடும். ஒரு குடும்பத்தின் அஞ்சலி அப்படி நறுக்கப்பட்ட பூவோடு முடியக்கூடாது. வளையம் தெளிவாக விலகிய பிறகே ஓட்டி கியர் போடட்டும். பிறகு அதைச் சுற்றி அகலமாக ஒரு வட்டம் அடித்துத் திரும்பலாம்.

வளையத்தை நிலையத்தின் பொறுப்பில் விடுவதானால் எதில் கட்டுவார்கள் என்று கேளுங்கள். கடைகளில் கிடைக்கும் வளையங்களில் கம்பி, தேர்மோகோல், பிளாஸ்டிக் ரிப்பன் எல்லாம் இருக்கும். அவை இரண்டு நாளில் கல்லடிக் கரையில் வந்து ஒதுங்கும், ஆமையும் மீனும் விழுங்கும். தென்னோலையை முறுக்கி 40, 45 சென்ரிமீட்டர் விட்டத்தில் வளையமாக்கி, வாழைநாரால் பூக்களைக் கட்டச் சொல்லுங்கள். செவ்வரத்தை அழகுதான், ஆனால் பறித்த சில மணி நேரத்தில் சுருண்டுவிடும். செவ்வந்தி, அலரி, தாமரை மொட்டு நிற்கும். முதல் நாள் மாலை கட்டி, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். பெயர் எழுத வேண்டுமென்றால் சாதாரணக் கடதாசியில் பென்சிலால் எழுதுங்கள். இங்கிலாந்திலிருந்து கொண்டுவரும் பாப்பி வளையத்தில் (போரில் இறந்தவர் நினைவாக வைக்கும் சிவப்புப் பூ வளையம்) பிளாஸ்டிக் இருந்தால் அதைக் கடலில் விடாமல் கரையில் வைக்க இடம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறோம்.

நிகழ்ச்சியைப் பத்து நிமிடத்துக்குள் அடக்குங்கள். ஒருவர் இரண்டு வரியில் நடந்ததைச் சொல்லலாம்: முந்திய இரவு திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுத் தெற்கே போன கப்பல், தன் விமானங்களைச் சீனக்குடா விமானத் தளத்தில் விட்டுவிட்டே போனது. தாக்குதல் வந்தபோது அதற்கு மேலே காவலுக்கு ஒரு விமானமும் இல்லை. இதைச் சொன்னால் போதும், வேறு விளக்கம் தேவையில்லை. பிறகு ஒரு பிரார்த்தனை, இரண்டு நிமிட மௌனம், வளையம். இராணுவ அஞ்சலியில் ஊதும் 'லாஸ்ட் போஸ்ட்' என்ற இறுதி ஊதல் இசையைக் கைபேசியில் போட்டால் எஞ்சின் சத்தத்தில் கேட்காது. சிறிய புளூடூத் ஸ்பீக்கரும், முன்னரே இறக்கி வைத்த பாட்டும் வேண்டும், நடுக்கடலில் சிக்னலை நம்ப வேண்டாம். 307 பெயர்களையும் வாசிக்க விரும்புகிறவர்கள் உண்டு. ஒரு பெயருக்கு நான்கு விநாடி என்றாலும் இருபது நிமிடம் ஆகும், கப்பல் மூழ்க எடுத்த அதே அளவு நேரம். நின்ற படகில் குனிந்து வாசித்தால் பத்தாவது நிமிடத்திலேயே தலைசுற்றி வாந்தி வரும். பட்டியலைப் புறப்படும் முன் கரையிலேயே வாசித்துவிட்டு, கடலில் உங்கள் குடும்பப் பெயரை மட்டும் சொல்லுங்கள். கூடவே பக்கத்துக் கடலில் அதே நாளில் மூழ்கிய அவுஸ்திரேலியப் போர்க்கப்பல் வாம்பயரையும், பிரித்தானியக் காவற்கப்பல் ஹொலிஹொக்கையும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டால் நல்லது. அந்தக் கப்பல்களின் ஆட்களை நினைத்து இந்தக் கடலுக்கு வருகிறவர்கள் குறைவு. தலைசுற்று மாத்திரையைப் புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன்பே போட வேண்டும், படகில் ஏறிய பிறகு போடுவது வீண்.

கீழே இறங்கும் சேவைக்கு வருவோம். கப்பலின் மேற்பகுதியே 40 மீட்டரை ஒட்டித்தான் தொடங்குகிறது. பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லை அங்கே முடிகிறது. 53 மீட்டரில் அழுத்தம் 6.3 பார், மேற்பரப்பில் உள்ளதைப் போல் ஆறு மடங்குக்கு மேல். மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர் காற்று இழுப்பவர் அங்கே 126 லீற்றர் இழுப்பார். வழக்கமான 11 லீற்றர் அலுமினியச் சிலிண்டர் 200 பாரில் 2,200 லீற்றர் தரும். பதினேழு நிமிடத்தில் அது காலி, ஏறுவதற்கு எதுவும் மிஞ்சாது. இருபது நிமிடம் கீழே நின்றவர் படிப்படியாக நின்று ஏற அதைவிட அதிக நேரம் வேண்டும். ஒற்றைச் சிலிண்டரில் இங்கே இறக்குகிற நிலையம் எதுவானாலும் அதைத் தவிருங்கள். நைட்ரொக்ஸ் 32, அதாவது ஒட்சிசனை 32 வீதமாகக் கூட்டிய காற்று நிரப்பிய சிலிண்டரில் ஒட்சிசன் அழுத்தம் 40 மீட்டரிலேயே 1.6 பார் எல்லையைத் தொடுகிறது. 53 மீட்டரில் 2 பார் ஆகும், வலிப்பு வந்து ஆளையே கொல்லும். சாதாரணக் காற்றில் இறங்கினால் நைதரசன் மயக்கம் வந்து புத்தி தடுமாறும். இரட்டைச் சிலிண்டர், ஹீலியம் கலந்த வாயு, ஏறும்போது மாற்ற இன்னொரு வாயு, கப்பலருகே இறக்கிய கயிறு, இதெல்லாம் பழகியவருக்கு மட்டுமே இந்த இடம். ஹீலியம் உண்டா, வாயுவை அளந்து பார்க்கும் கருவி உண்டா, படகில் ஒட்சிசன் உண்டா என்று கேளுங்கள். அவசரமாக ஏறி நோய்ப்பட்ட சுழியோடிக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் இருக்கிறது, தரைவழியாக ஏறக்குறைய 130 கிலோமீட்டர். அது அந்த வாரம் இயங்குகிறதா என்று நிலையம் விசாரித்து வைத்திருக்க வேண்டும்.

சுழியோடிகள் வளையத்தைக் கீழே கொண்டுபோவதை நாங்கள் விரும்பவில்லை. பூவும் ஓலையும் மிதக்கும், அதை அமிழ்த்தக் கல் கட்ட வேண்டும். கையில் அந்தப் பாரம் இருந்தால் மிதப்புக் கட்டுப்பாடு கெடும், விட்டால் வலையில் சிக்கும். மேலே விட்டுவிட்டு வெறுங்கையோடு இறங்குங்கள். கப்பலுக்குள் நுழையாதீர்கள், எதையும் எடுக்காதீர்கள். விமான எதிர்ப்புப் பீரங்கிக் குண்டுகளைத் தொடவே கூடாது. தகுதி போதாதவருக்கு இன்னொரு வழி இருக்கிறது. அதே நாளில் மூழ்கடிக்கப்பட்ட பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் பாசிக்குடாப் பக்கம் 25 மீட்டர் அளவில் கிடக்கிறது. அதைப் பார்க்க மேல்நிலைச் சான்றிதழ் உள்ளவருக்குப் பெரிய சிரமம் இல்லை. அங்கே நடக்கும் சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்போம்.

கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்பதைவிடப் படகுக்கு இவ்வளவு என்று பேசுவதே அஞ்சலிக்குப் பொருந்தும். அப்படிப் பேசினால் அந்நியப் பயணிகளை இடையில் ஏற்றமாட்டார்கள், டொல்பின் பார்க்கப் போகும் கூட்டத்தோடு உங்களைச் சேர்க்கமாட்டார்கள். பெற்றோல், வளையம், உதவியாள் கூலி மூன்றும் உள்ளடங்கியதா என்று எழுத்தில் வாங்குங்கள். கடல் கெட்டால் பணம் திரும்புமா, நாள் மாற்றுவார்களா என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். முழுப்பணத்தையும் முன்னால் கேட்பவரிடம், காற்றடிக்கும் காலையிலும் "போகலாம்" என்ற பதிலே வரும்.

கடலில் விட முடியாத வளையத்தைத் திருகோணமலைப் போர்க் கல்லறையில் வைக்கலாம். நகரத்திலிருந்து நிலாவெளி போகும் பாதையில் சாம்பல்தீவுப் பக்கம் இருக்கிறது, பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் பராமரிப்பில் சுத்தமாக இருக்கிறது. ஹேர்மிஸில் போனவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறை இல்லை. அவர்கள் பெயர்கள் இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத், பிளிமத், சாத்தம் ஆகிய இடங்களின் கடற்படை நினைவுத் தூண்களில் இருக்கின்றன. எந்தத் தூணில், எந்தப் பலகையில் என்பதை ஆணையத்தின் பட்டியலில் தேடி எடுத்து, படகு ஏறும் முன் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். வளையத்துக் கடதாசியில் எழுதும் பெயரும் பதவியும் அதில் உள்ளபடியே இருக்கட்டும்.