பழைய புல்லட் கார்புரேட்டர்: சுத்தம் செய்வதா, புதிது வாங்குவதா?

மிக்கார்ப் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) பொருத்திய பழைய 350 சிசி புல்லட்டில், ஆக்ஸிலரேட்டரை ஒரே நிலையில் பிடித்திருந்தும் இன்ஜின் வேகம் ஏறி இறங்கினால், பெரும்பாலும் கலவையில் பெட்ரோல் குறைந்திருக்கிறது என்று பொருள். கலவையில் பெட்ரோல் செறிவைக் கூட்டும் சோக்கைச் சிறிது போட்டதும் ஓட்டம் சீரானால் ஐயம் வலுப்படும். ஸ்பார்க் பிளக்கின் பீங்கான் முனையும் இளம்பழுப்பாக இல்லாமல் வெளுத்திருக்கும். கார்புரேட்டர் இன்ஜினோடு சேரும் இடத்தில் காற்று கசிகிறதா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். கசிவு இருந்தால் கேஸ்கெட்டை மாற்றினாலே பெரும்பாலும் போதும். கசிவு இல்லாதபோதுதான் இந்தக் கேள்வியே எழுகிறது.

செலவு: சுத்தம் செய்ய கேஸ்கெட், ஓ-ரிங், கூலி மட்டுமே, புதியதற்குப் பல மடங்கு கூடுதல்.

வேலை: சுத்தம் செய்யும்போது, குறைந்த வேகத்தில் பெட்ரோலை அளந்து விடும் பைலட் ஜெட்டின் நுண்துளையைக் கம்பியால் குத்தினால் அது பெரிதாகிக் கலவை நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்பதால், கிளீனரும் அழுத்தக் காற்றும் தவிர வேறெதையும் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். புதியதைப் பொருத்துவது எளிது. ஆனாலும் கலவையில் சேரும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவைச் சரிசெய்தே ஆக வேண்டும், அதை உள்ளே திருகத் திருகப் பெட்ரோல் செறிவு கூடும்.

ஆயுள்: ஆக்ஸிலரேட்டருக்கேற்ப ஏறி இறங்கிக் காற்றுவழியைத் திறந்து மூடும் ஸ்லைடும் அது நகரும் உருளையும் தேய்ந்திருந்தால், எத்தனை முறை கழுவினாலும் அவ்வழியே காற்று புகும்.

ஆகவே, நெடுநாள் நிறுத்திவைத்ததால் பெட்ரோல் பிசின் படிந்த வண்டிக்குச் சுத்தம் செய்வதே தகும். விரலால் அசைத்தாலே ஸ்லைடு ஆடுகிற வண்டிக்கு, மலிவான போலியைத் தவிர்த்து, தரமான புதியதையே வாங்க வேண்டும்.